பெண்மக்கள் கல்விக்குக் கைகொடுத்த நிதிகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

சங்கத்தின் கல்வித் துணைக்குழு

பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் பழைய கோப்புகளை எடுத்துத் தூசி தட்டியபோது, கல்வி உதவி நிதியின் முதல் விண்ணப்பத் தாள்கள் எங்கள் கையில் கிடைத்தன. தட்டச்சில் அடித்து, சைக்ளோஸ்டைல் செய்த ஒரே பக்கத் தாள்கள். மேலே சங்கத்தின் பெயர். கீழே "மாணவன் பெயர்", "தகப்பனார் பெயர்", "தொழில்", "மாத வருமானம்". கடைசியில் ஓர் உறுதிமொழி: "மேற்கண்டவர் என் மகன் என்று உறுதி கூறுகிறேன்."

அந்தக் கட்டில் ஒரு தாளில் மட்டும் "மகன்" என்ற சொல் நீல மையால் அடிக்கப்பட்டு, அதன் மேல் "மகள்" என்று எழுதப்பட்டிருந்தது. கீழே கையெழுத்து தாயாருடையது. தகப்பனார் பெயருக்கு முன் "மர்ஹூம்" என்று இருந்தது.

அவ்வாண்டின் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினோம். அந்த விண்ணப்பம் முதல் கூட்டத்தில் "ஒத்திவைக்கப்பட்டது". இரண்டாம் கூட்டத்திலும் "ஒத்திவைக்கப்பட்டது". மூன்றாம் கூட்டத்தில் "வழங்க முடிவு செய்யப்பட்டது". ஏன் ஒத்திவைத்தார்கள், என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஆண்டின் தாளில் "மாணவன் / மாணவி" என்றும், "மகன் / மகள்" என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

நம் முன்னோர் செய்த இந்தச் சிறிய திருத்தம் எங்களை ஒரு கேள்விக்கு அழைத்துச் சென்றது. பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பணம் ஒதுக்கியவர்கள் உலகில் யார் யார்? அந்தப் பணம் என்ன செய்தது? எதைச் செய்யாமல் விட்டது? நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவற்றை மலரின் வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறோம்.

வக்ஃபு செய்த பெண்கள்

கல்விக்கு நிதி ஒதுக்குவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. நிலத்தையோ கடையையோ வக்ஃபு செய்து, அதன் வருமானத்தில் மதரஸாவை நடத்தி, ஆசிரியருக்குச் சம்பளமும் மாணவருக்கு உணவும் உறைவிடமும் படியும் கொடுக்கும் முறை பல நூற்றாண்டுகள் பழமையானது. மாணவர் வயிற்றுப் பாட்டுக்கு அலையாமல் பாடத்தில் மனம் வைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று ஆய்வுநல்கை என்று சொல்கிறோமே, அதன் அடிப்படையும் இதுதான்.

இந்த வக்ஃபுகளை ஏற்படுத்தியவர்களில் பெண்களும் இருந்தார்கள். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரி ஸித்துஷ் ஷாம் அவர்கள் டமாஸ்கஸில் ஷாமிய்யா மதரஸாவை நிறுவினார்கள். அலெப்போவில் தைஃபா காத்தூன் அவர்கள் 1235-36ஆம் ஆண்டுகளில் எழுப்பிய ஃபிர்தௌஸ் மதரஸாவின் கட்டடம் பெயர் பெற்றது. ஆனால் இந்த மதரஸாக்களில் படி வாங்கிப் படித்தவர்கள் ஆண்களே.

பெண்கள் படிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மார்க்கச் சட்டம் கேட்டுத் தெளிந்த ஸஹாபாக்கள் பலர். பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்-மர்வஸிய்யா அவர்கள் ஸஹீஹுல் புகாரியைப் பாடம் சொன்னவர். பக்தாதின் வரலாற்றை எழுதிய அல்-கதீப் அல்-பக்தாதி அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர். இப்படிப்பட்ட பெண்கள் பெரும்பாலும் வாப்பாவிடமும் உறவினரிடமும் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கற்றார்கள். படிப்பில் ஆர்வமுள்ள வீட்டில் பிறந்த பெண் படித்தாள். அப்படி வாய்க்காத பெண்ணைத் தாங்க ஒரு நிதி இல்லை.

இதே காட்சி பிற்காலத்தில் கெய்ரோவில் மீண்டும் வருகிறது. எகிப்தில் 1908ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகம் சில ஆண்டுகளிலேயே பணமின்றித் தடுமாறியது. கெடிவ் இஸ்மாயீலின் மகள் இளவரசி ஃபாத்திமா அவர்கள் கட்டடத்துக்கு நிலம் கொடுத்தார்கள். விளைநிலங்களை வக்ஃபு செய்தார்கள். தம் நகைகளையும் விற்றுக்கொள்ளக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் மாணவியரைப் பட்டப் படிப்பில் சேர்த்தது 1920களின் இறுதியில்தான். அப்படிச் சேர்ந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த சுஹைர் அல்-கலமாவி அம்மையார் 1941ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். நகை கொடுத்த இளவரசி 1920ஆம் ஆண்டே காலமாகிவிட்டார்கள். அந்த மாணவியரை அவர்கள் பார்க்கவில்லை.

டாக்டரின் கூற்றும் 705 பெண்களின் பதிலும்

பெண்களுக்கென்றே ஆய்வுநல்கை ஏற்படுத்தும் வழக்கம் தோன்றிய விதம் சுவையானது. 1873ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்னும் டாக்டர் ஒரு நூல் எழுதினார். அவர் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். வயதுக்கு வந்த பெண்கள் ஆண்களைப் போலக் கடுமையாகப் படித்தால் உடல் கெடும், பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்பது அவருடைய கூற்று. டாக்டர் சொல்கிறார், அதுவும் பேராசிரியர் சொல்கிறார் என்று பெற்றோர் பயந்தார்கள். நூல் பலமுறை மறுபதிப்பு கண்டது.

1881ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாஸ்டன் நகரில் பட்டம் பெற்ற பெண்கள் பதினேழு பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். மேரியன் டால்பட், வேதியியல் படித்த எல்லன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் அதன் முன்னோடிகள். அவர்கள் டாக்டரை எதிர்த்து மேடை போட்டுப் பேசுவதோடு நிற்கவில்லை. கல்லூரியில் படித்து முடித்த பெண்களுக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார்கள். படிக்கும்போது உடல்நலம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, குழந்தைகள் உண்டா, அவர்கள் நலமா என்ற கேள்விகள் அதில் இருந்தன. 705 பேர் பதில் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் துணையோடு அவற்றைக் கணக்கிட்டு 1885ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கல்லூரியில் படித்த பெண்களின் உடல்நலம் மற்றப் பெண்களுடையதைவிட மோசமாக இல்லை என்பது தெரிந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பதில்கள் எப்படி வரும் என்று கேள்வி அனுப்பும்போது அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் சொன்னது சரி என்றுகூட வந்திருக்கலாம். தெரியாமல்தான் கேட்டார்கள். வந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

மூன்றாண்டுகள் கழித்து, 1888ஆம் ஆண்டு, அதே சங்கம் ஐடா ஸ்ட்ரீட் என்ற பெண்ணுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய 350 டாலர் கொடுத்தது. சிறிய தொகைதான். உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டிக் கொடுக்கும் அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

சென்னையிலிருந்து மிச்சிகனுக்கு

அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917ஆம் ஆண்டு மற்றொரு நிதி உருவாயிற்று. லீவை பார்பர் என்னும் வழக்கறிஞர் ஆசிய நாடுகளில் பயணம் செய்தபோது, தம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துத் தாயகம் திரும்பிய சீனப் பெண்கள் மருத்துவமனை நடத்துவதைக் கண்டார். ஆசியப் பெண்கள் வந்து படிக்கவும் ஆராயவும் ஒரு பெருந்தொகையை அவர் எழுதி வைத்தார். படித்துவிட்டுச் சொந்த நாடு திரும்பி அங்குள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த நிதியைப் பெற்றுச் சென்றவர்களுள் ஒருவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பார்பர் நிதி அவரை மிச்சிகனுக்கு அழைத்துச் சென்றது. 1931ஆம் ஆண்டு அங்கே முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். 1945ஆம் ஆண்டு டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இந்திய அரசு 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஜானகி அம்மாளுக்கு அந்த நிதி கொடுத்தது என்ன? கட்டணமும் கப்பல் செலவும் ஒரு பகுதி. அவற்றைவிடப் பெரியது நேரம். சில ஆண்டுகள் வேறு எந்தக் கடமையும் இல்லாமல் ஒரு கேள்வியின் பின்னால் போகும் நேரம். ஆண்பிள்ளை படிக்க உட்கார்ந்தால் வீடே சத்தம் போடாமல் இருக்கும். பெண்பிள்ளை படிக்க உட்கார்ந்தால் "தம்பிக்குப் பால் கலக்கிக் கொடு", "அடுப்பைப் பார்" என்று குரல் வரும். இது நம் வீடுகளில் நாம் அறியாததல்ல. பெண்களுக்குத் தனி நிதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே முதல் பதில்.

ரொக்கையா பேகமும் பள்ளி வண்டியும்

இந்தியத் துணைக்கண்டத்தின் முஸ்லிம் பெண்கல்வி வரலாற்றில் மறக்க முடியாதவர் வங்காளத்தின் பேகம் ரொக்கையா. கணவர் சகாவத் ஹுசைன், பெண்கள் பள்ளி ஒன்று அமைக்க வேண்டும் என்று 10,000 ரூபாயை ஒதுக்கி வைத்திருந்தார். அவர் 1909ஆம் ஆண்டு காலமானார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொக்கையா பள்ளியைத் தொடங்கினார். 1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். கணவரின் பெயரில் அமைந்த அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

பணம் இருந்தும் அவர் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். மாணவியர் பர்தாவோடு வந்து போக ஒரு வண்டி ஏற்பாடு செய்தார். வண்டியை முழுவதும் அடைத்தால் காற்றில்லாமல் பிள்ளைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வந்தன. சன்னலைத் திறந்து திரை கட்டினால், காற்றில் திரை பறக்கிறது, பர்தா போய்விட்டது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. ஒரு பக்கம் பிள்ளைகளின் உயிர், மறு பக்கம் ஊரின் வாய். இரண்டுக்கும் நடுவில் அவர் பள்ளியை நடத்தினார்.

அலிகாரில் ஷேக் அப்துல்லாஹ் அவர்களும் அவர் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906ஆம் ஆண்டு பெண்கள் பள்ளி தொடங்கியபோது, போபால் ஆட்சியாளர் சுல்தான் ஜஹான் பேகம் அவர்கள் மாத மானியம் கொடுத்து ஆதரித்தார்கள். 1920ஆம் ஆண்டு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தரும் அவர்களே. நம் தமிழ் மண்ணில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955ஆம் ஆண்டு சென்னையில் பெண்கள் கல்லூரி எழுந்தது. எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்று நம் வீட்டுப் பெண்கள் அழைப்பது அதைத்தான். கீழக்கரையில் 1988ஆம் ஆண்டு தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கியது. ஊரை விட்டுப் பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, கல்லூரி ஊரிலேயே வந்தது பெரிய ஆறுதல்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஆய்வின் பலத்தைக் காட்டிய ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். பெண்களின் நிலையை ஆராய 1971ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழு 1974ஆம் ஆண்டு தன் அறிக்கையைக் கொடுத்தது. சட்டத்தில் சமத்துவம் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று படித்தவர்கள் நம்பியிருந்த காலம் அது. ஆனால் 1,000 ஆண்களுக்கு 1901ஆம் ஆண்டு 972ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971ஆம் ஆண்டு 930ஆகக் குறைந்திருந்ததை அறிக்கை சுட்டிக் காட்டியது. குழுவின் உறுப்பினர் செயலராக இருந்த வீணா மஜும்தார் போன்றவர்களே அதிர்ந்தார்கள். நாமும் பேராசிரியர்கள்தாமே, இது ஏன் நமக்குத் தெரியாமல் போயிற்று என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதன்பின் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் பெண்களைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தனியே நிதி ஒதுக்கத் தொடங்கியது.

சிங்கப்பூரில்

இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். 1887ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து சோஃபியா பிளாக்மோர் என்ற மதப்பணியாளர் சிங்கப்பூருக்கு வந்தார். இங்கிருந்த தமிழ் வணிகர்கள் சிலர், எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமியருடன் பள்ளி தொடங்கியது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அதற்கு முதலில் பெயர். இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று புகழ்பெற்று விளங்குவது அதுதான். தமிழ்த் தந்தையர் தம் மகள்களுக்காகக் கேட்டுப் பெற்ற பள்ளி அது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

உயர்கல்விக்கு நிலைமை வேறு. நீரிணைக் குடியேற்றங்களில் மிகச் சிறந்த மாணவரை இங்கிலாந்துக்கு அனுப்பிய அரசியார் உபகாரச் சம்பளம் 1885ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் அது நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் பெற்ற முதல் பெண் மேகி டான், 1930ஆம் ஆண்டு. அவர் பின்னாளில் டாக்டர் மேகி லிம் என்ற பெயரில் தாய்சேய் நலப் பணியில் பெயர் பெற்றார். ஓர் உபகாரச் சம்பளம் ஒரு பெண்ணின் கைக்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதை அத்தோடு முடியவில்லை. 1979ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கச் சேரும் மாணவியர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு இருந்தது. பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காகப் பணியை விட்டுவிடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த வரம்பு 2003ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவம் படிக்க விரும்பிய நம் மகள்கள் மகன்களைவிட அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது.

முஸ்லிம் சமூகத்தின் முயற்சிகளும் குறிப்பிடத்தக்கவை. 1936ஆம் ஆண்டு தொடங்கிய மதரஸா அல்-மஆரிஃப், மார்க்கக் கல்வியோடு பொதுக் கல்வியையும் தந்து, மாணவியரையும் சேர்த்துக்கொண்டது. 1965ஆம் ஆண்டு, மீலாது விழாவின் நினைவாக ஒரு கல்வி நிதி வாரியம் அமைந்தது. எல்.பி.கே.எம். என்று நாம் அறிவது அதுவே. மீலாது விழாவை ஒரு நாள் கொண்டாட்டத்தோடு முடித்துவிடாமல், நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் நினைவாக வசதியற்ற பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்ற எண்ணம் எவ்வளவு உயர்ந்தது! 1982ஆம் ஆண்டு மெண்டாக்கியும், 1991ஆம் ஆண்டு சிண்டாவும் வந்தன. நம் பிள்ளைகள் பலர் இவற்றால் பயன் பெற்றிருக்கிறார்கள்.

நம் தமிழ் முஸ்லிம் சங்கங்களில் முன்னோடியான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ஆம் ஆண்டு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அந்நாளில் பெரும்பாலான தமிழ் முஸ்லிம் ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடையில் படுத்து எழுந்தார்கள். குடும்பத்தோடு வந்து குடியேறியவர்களில் கடையநல்லூர், தென்காசி மக்கள் முக்கியமானவர்கள். அந்தக் குடும்பங்களின் பெண்கள் மசாலா அரைத்து விற்றுச் சம்பாதித்தார்கள். அம்மிக் குழவி பிடித்துக் காய்ப்பு ஏறிய அந்தக் கைகளுக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காசு எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாயிற்று என்பதற்கு எங்கும் கணக்கு இல்லை.

நம் சங்கத்தின் ஏட்டில் இல்லாதவை

மீண்டும் அந்த நீல மைத் தாளுக்கு வருகிறோம். அந்த மாணவி யார் என்று விசாரித்தோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமாக இருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு நம் நிகழ்ச்சிகளுக்கு வருபவர்தான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னார்:

"எனக்குக் கிடைத்தது பெரிய தொகை இல்லை. பேருந்துக் கட்டணமும் புத்தகமும் போக மிச்சம் இருக்காது. ஆனால் சங்கமே பணம் கொடுக்கிறது என்றதும், 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு' என்று கேட்ட எங்கள் பெரிய மாமா அப்புறம் வாயைத் திறக்கவில்லை. உம்மாவுக்கு அந்தப் பணத்தைவிட அதுதான் பெரிசு."

பிறகு எங்களைக் கேட்டார்: "எங்க தெருவில் என்னோடு படித்தது ஆறேழு பிள்ளைகள். எல்லாரும் உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் நின்றுவிட்டார்கள். அவர்கள் உம்மாமார் ஏன் தாளை வாங்க வரவில்லை என்று சங்கம் கேட்டதா?"

கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுக் கோப்புகளில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு காசு பிசகாமல் இருக்கிறது. அந்தப் பொறுப்பாளர்களுக்கு நாம் நன்றிக் கடன்பட்டவர்கள். ஆனால் யார் விண்ணப்பிக்கவில்லை, ஏன் விண்ணப்பிக்கவில்லை, உதவி பெற்ற மாணவி படிப்பை முடித்தாரா, முடித்தபின் வேலைக்குப் போனாரா, திருமணத்தோடு நிறுத்தினாரா என்பது எதுவும் எழுதப்படவில்லை. மாணவியர் எத்தனை பேர் என்று தனியாகக் கூட்டிப் பார்க்கக்கூட முதல் ஆண்டுகளின் ஏட்டில் வழியில்லை. பல இடங்களில் தகப்பனார் பெயரை மட்டுமே எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம் உம்மம்மாமார்களும் பாட்டிமார்களும்தான். சென்ற ஆண்டு மட்டும் நாம் எத்தனை ஜனாஸாக்களில் கலந்துகொண்டோம் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வேலைக்கு நிறைய நாள் இல்லை என்பது புரியும்.

பொன்விழாவில் ஒரு வேண்டுகோள்

ஆகவே கல்வித் துணைக்குழு ஒரு யோசனையைப் பொதுக்குழுவின் முன் வைத்திருக்கிறது. பொன்விழா நினைவாக, ஆண்டுக்கு ஒருவருக்கு, சிறிய அளவில் ஓர் ஆய்வுநல்கை ஏற்படுத்த வேண்டும். நம் சமூகத்துப் பெண்பிள்ளைகளின் கல்வியை ஆராய விரும்பும் பட்டதாரி ஒருவர், ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் வழிகாட்டலில், ஓராண்டு அதற்கென்று உழைக்கலாம். மூத்த பெண்களின் நினைவுகளைத் தமிழில் ஒலிப்பதிவு செய்து எழுத்தில் ஆக்க வேண்டும். பழைய ஏடுகளை வரிசைப்படுத்த வேண்டும். இன்றைய பிள்ளைகளையும் பெற்றோரையும் சந்தித்துக் கேட்க வேண்டும். ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. எங்கள் கூட்டத்திலேயே ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இன்னும் இருக்கும்போது ஆராய்ச்சிக்குப் பணமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால்தான் கல்வி உதவி நிதியிலிருந்து ஒரு வெள்ளியும் எடுக்கக்கூடாது, இதற்குத் தனியே நன்கொடை திரட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். போதிய பணம் சேராவிட்டால் இந்த ஆண்டு தொடங்க வேண்டாம் என்பதும் எங்கள் முடிவு. கட்டணத்துக்குக் கொடுக்கும் பணம் விண்ணப்பிக்க வந்த பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதை அறியவும் ஒருவர் நடக்க வேண்டும் அல்லவா?

இன்னொருவர், "இப்போது பெண்பிள்ளைகள்தாம் நன்றாகப் படிக்கிறார்கள், பையன்களைத்தான் கவனிக்க வேண்டும்" என்றார். இருக்கலாம். ஆய்வு அதையே சொன்னாலும் சொல்லட்டும். பாஸ்டனில் கூடிய பெண்களைப் போல, விடை தெரியாமல்தான் நாமும் கேட்கிறோம். வருவது நமக்குப் பெருமை தருவதாயினும் தலைகுனிய வைப்பதாயினும், அதை வெளியிடுவது என்பதையும் விதியாகச் சேர்த்திருக்கிறோம்.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, உங்கள் வீட்டில் பழைய பள்ளிச் சான்றிதழ், மதிப்பெண் அட்டை, வகுப்புப் புகைப்படம், சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். இரண்டாவது, இந்த வாரமே உங்கள் உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ உட்கார்ந்து, "எந்த வகுப்புவரை படித்தீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

அந்த நீல மைத் தாளைக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பொன்விழாக் கண்காட்சியில் வைக்கிறோம். உரியவரின் விருப்பப்படி பெயரை மறைத்திருக்கிறோம். அதில் கையெழுத்திட்ட தாயாரை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. மூன்றாம் கூட்டத்தில் "வழங்க முடிவு செய்யப்பட்டது" என்று எழுதிய நம் முன்னோர்களுக்கும் அவன் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.